இயங்குதளத்தை மாற்றிய பிறகு டயல்-அப் இணைப்பு வேலை செய்யவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் 98 இருந்த கணினியை எக்ஸ்பிக்கு மாற்றினேன். தொலைபேசி வழியாக இணையத்தோடு இணைக்கும், உள்ளே பொருத்தப்பட்ட மோடம் அதுவரை நன்றாக இயங்கியது. இப்போது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியுடன் நிற்கிறது. மோடம் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்காக எழுதப்பட்ட விஎக்ஸ்டி வகை டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை, எக்ஸ்பி ஏற்பதில்லை. உள்ளே பொருத்தும் விலை குறைந்த மோடம்களில் பெரும்பாலானவை 'வின்மோடம்' வகையைச் சேர்ந்தவை. சமிக்ஞையை மாற்றும் வேலையின் பெரும்பகுதியை அவை கணினியின் செயலியிடமே விட்டுவிடுவதால், இயங்குதளத்துக்கு ஏற்ற டிரைவர் இல்லாதபோது அந்தக் கார்டால் எதுவும் செய்ய இயலாது. மோடத்தை விற்ற நிறுவனத்தின் பெயரை வைத்து டிரைவரைத் தேடுவதைவிட, அதிலுள்ள சிப்பைத் தயாரித்தவர் யார் என்று பார்ப்பது பயன் தரும். பிசிஐ கார்டின் தயாரிப்பாளர் எண் 11சி1 என்றால் லூசன்ட், 14எஃப்1 என்றால் கோனெக்சன்ட். இணைப்பே இல்லாத கணினியில் இணையத்திலிருந்து டிரைவரை இறக்க முடியாது என்பதால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே அதை இறக்கிக் குறுவட்டில் வைத்திருப்பதுதான் முறை. இப்போது வேறொரு கணினியின் உதவியை நாடுங்கள்.

கேள்வி: என்னுடையது சீரியல் போர்ட்டில் இணைக்கும் வெளி மோடம். டிரைவர் சரியாக ஏறியிருக்கிறது. ஆனாலும் 680 என்ற பிழை எண்ணுடன் 'டயல் டோன் இல்லை' என்கிறது. தொலைபேசியை எடுத்தால் டோன் தெளிவாகக் கேட்கிறது.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மற்றவர்களுக்கும் பயன்படும். டயல்-அப் அழைப்பு படிப்படியாக நடப்பது: டோனைக் கேட்டல், எண்ணைச் சுழற்றுதல், மறுமுனை மோடத்துடன் வேகத்தை ஒப்புக்கொள்ளுதல், பயனர்பெயரைச் சரிபார்த்தல், ஐபி முகவரி பெறுதல். பிழை எண் காட்டுவது எந்தப் படியில் அழைப்பு நின்றது என்பதைத்தான். அதைப் பார்க்காமல் இணைப்பை அழித்து மீண்டும் உருவாக்கிக்கொண்டே இருப்பவர்கள், சரியாக இருந்த அமைப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் அழைப்பு முதல் படியிலேயே நிற்கிறது. தொலைபேசிக் கம்பி மோடத்தின் 'லைன்' துளையில் இருக்கிறதா, 'ஃபோன்' துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடமாற்றத்தின்போது தவறிச் செருகுவது வழக்கமான ஒன்று. அது சரி என்றால், மோடத்தின் பண்புகளில் 'டயல் டோனுக்காகக் காத்திரு' என்ற தேர்வை நீக்குங்கள். பழைய இயங்குதளத்தில் நீங்களோ வேறு எவரோ இதை நீக்கி வைத்திருந்தால், புதிய டிரைவர் ஏறியபோது அது மீண்டும் இயல்நிலைக்குத் திரும்பியிருக்கும். கூடுதல் கட்டளைகளுக்கான இடத்தில் எக்ஸ்3 (X3) என்று எழுதினாலும் அதே பலன்தான். குரலஞ்சல் வசதி உள்ள இணைப்புகளில் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும்போது மோடத்துக்கு அது டோனாகவே தெரியாது; அப்போதும் இந்தக் கட்டளை கைகொடுக்கும்.

கேள்வி: மோடம்கள் பேசிக்கொள்ளும் இரைச்சல் கேட்கிறது. பிறகு சில நேரம் 691, சில நேரம் 734. கடவுச்சொல் சரியானதுதான்.

பதில்: வன்பொருளும் தொலைபேசி இணைப்பும் சரி என்பதற்கு அந்த இரைச்சலே சான்று. விண்டோஸ் 98 கடவுச்சொற்களைத் தனக்கென ஒரு கோப்பில் வைத்திருந்தது; எக்ஸ்பி அதைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே சேமிக்கப்பட்டதை நம்பாமல் மீண்டும் தட்டச்சு செய்யுங்கள். இணைப்பின் பண்புகளில் 'விண்டோஸ் டொமைன் பெயரையும் சேர்' என்ற தேர்வு இருந்தால் நீக்குங்கள். பயனர்பெயரோடு வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டு போனால் மறுமுனை 691 என்றுதான் மறுக்கும். 734 எண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: 'பாதுகாப்பான கடவுச்சொல் தேவை' என்ற தேர்வு இருக்க, சேவை வழங்குநரின் சேவையகம் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் பழைய பாப் (PAP) முறையை மட்டும் ஏற்பதாக இருந்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் இணைப்பு முறிகிறது. பாதுகாப்புப் பக்கத்தில் அந்தத் தேர்வைத் தளர்த்துங்கள். ஒரே தொலைபேசி இணைப்பு இருக்கும்போது, பல இணைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் 'மல்டிலிங்க்' தேர்வுக்கும் வேலையில்லை, அதையும் நீக்கிவிடலாம்.

கேள்வி: 633, மோடம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

பதில்: ஃபேக்ஸ் மென்பொருள் ஏதாவது போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் இணைப்பு பழைய மோடத்தின் பெயரையே இன்னும் தேடிக்கொண்டிருக்கும். புதிதாகப் பதிவான மோடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முன்பு 49,333 என்று காட்டிய வேகம் இப்போது 1,15,200 என்கிறது. எக்ஸ்பி இவ்வளவு வேகமானதா?

பதில்: மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். வி.90 தரநிலை மோடத்தின் உச்ச வேகமே வினாடிக்கு 56,000 பிட்தான். 1,15,200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட்டின் வேகம். பொதுவான 'ஸ்டாண்டர்டு மோடம்' டிரைவர் ஏறியிருந்தால் இப்படிக் காட்டும். பல மோடம்களில் டபிள்யூ2 (W2) என்ற கூடுதல் கட்டளை உண்மை வேகத்தைக் காட்டச் செய்யும். ஆனால் தயாரிப்பாளரின் டிரைவரை ஏற்றுவதே நல்லது.

கேள்வி: இணைப்பு கிடைக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

பதில்: ஓர் ஐபி முகவரியை எண்ணாகவே கொடுத்து, மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை இயக்கிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல். எப்போதோ கையால் எழுதிய பழைய டிஎன்எஸ் முகவரியை நீக்கித் தானாகப் பெறும்படி விடுங்கள். எண்ணுக்கும் பதில் இல்லையென்றால், தொலைநிலை வலையமைப்பின் கேட்வேயை (வெளியே செல்லும் வழியை) பயன்படுத்தும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் வந்தும் உலாவி மட்டும் திணறினால், பழைய பிராக்ஸி (இடைநிலை சேவையகம்) அமைப்பையோ, விண்டோஸின் வலையமைப்புப் பகுதியான வின்சாக் சேதமடைந்திருப்பதையோ சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஏறியிருந்தால், 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' (netsh winsock reset) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸில் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மேம்படுத்தினேன். டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயல் (wvdial), மோடத்தைக் காணவில்லை என்கிறது.

பதில்: வின்மோடம் என்றால், அதன் மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர்) பழைய கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது, புதியதற்காக மீண்டும் தொகுக்க வேண்டும். தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் இணைப்பு கிடைக்கும். மீண்டும் தொகுக்கத் தேவையான புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகளை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். வெளி மோடம் என்றால், அமைப்புக் கோப்பு சரியான சீரியல் போர்ட்டைக் குறிக்கிறதா என்று பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.