பர்மாவில் ராணுவம் ஒதுங்கித் தேர்தல் நடந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. செய்திகளை மட்டும் படித்துவிட்டு நீங்கள் நம்பிக்கையோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் ரங்கூனில் பிறந்து, ஏழு வயதில் விரட்டப்பட்டவன்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964ல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அப்பாவின் மளிகைக் கடையும் போயிற்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலேறும் நாளில் துறைமுக அதிகாரி அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னார். திருகாணி இறுகியிருந்தது, அவரே திருகி எடுத்தார். காது தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா கப்பலில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டாள். சென்னையில் இறங்கும்போதும் அந்த ஈர்க்குகள்தான்.

"வட்டிக்குக் கொடுத்து நிலத்தைப் பிடித்தவர்கள்தானே" என்று யாராவது வருவார்கள். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் பெருமளவு செட்டியார்கள் கைக்குப் போனது உண்மை. பர்மியரின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எங்களோடு வரிசையில் நின்றவர்கள் மூட்டை தூக்கியவர்கள், வண்டி இழுத்தவர்கள். இங்கே வந்தபின்னும், பிறந்த ஊர் ரங்கூன் என்று எழுதியதற்காக ஒரு சாதிச் சான்றிதழுக்கு என்னை ஆறு மாதம் அலையவிட்டார்கள். அது வேறு கதை, ஆனாலும் மறக்க முடியவில்லை.

1947 பிப்ரவரியில் பாங்லாங் என்ற ஊரில் ஷான், கச்சின், சின் ஆகிய சிறுபான்மை இனங்களின் தலைவர்களுக்கு, பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சான் சுயாட்சி வாக்களித்தார். ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாக்கு இன்னும் பாக்கி. அவர் மகள் சூகி 2015ல் வென்றார். பூர்வ இனத்தவர் அல்லாதவர்களுக்கு முழுக் குடியுரிமையை மறுக்கும் 1982ன் குடியுரிமைச் சட்டம் அப்படியே இருந்தது. 2017ல் ராணுவத்துக்கு அஞ்சி ஏழு லட்சம் ரோகிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019ல் அந்த இனப்படுகொலை வழக்கில் சூகி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் ராணுவத்துக்காக வாதாடினார். 2021ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையிலடைத்தபோது எனக்கும் வலித்தது. அதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

என் அத்தை மகள் ரங்கூனிலேயே தங்கிவிட்டாள். 2021 பிப்ரவரியில் இரவு எட்டு மணிக்கு ராணுவத்தை எதிர்த்துத் தெருவே சட்டியைத் தட்டியது. அதுவரை அவளைக் 'கலா' (இந்தியரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்றே கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் தன் கரண்டியை அவள் கையில் கொடுத்தாளாம். அந்த ஜூனில், ராணுவத்தை எதிர்த்து அமைந்த நிழல் அரசு 1982ன் சட்டத்தை நீக்குவதாக அறிவித்தது. அதை நான் நம்புகிறேன். அத்தை மகளும் அவள் அம்மாவும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. அவளிடம் இருப்பது பச்சை, வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்களுக்கானது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் அவளிடம் முதலில் அந்த அட்டையைப் பற்றித்தான் கேட்பேன்.