வாசகர் கேள்வி – பதில்: முதுகுப்பைப் பயணம், அன்றும் இன்றும்

சென்ற இதழில் வெளியான சிக்கனப் பயணக் கட்டுரை, முதுகுப்பையைச் சுமந்துகொண்டு குறைந்த செலவில் நாடு நாடாகச் சுற்றும் பழக்கம் அடியோடு மாறிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டதாகப் பல வாசகர்கள் குறைபட்டிருந்தார்கள். என்ன மாறியது, எதனால் மாறியது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: 1970-களில் இளைஞர்கள் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை தரைவழியாகவே, சொற்பப் பணத்துடன் போய் வந்தார்கள் என்கிறார்களே, அது எப்படி முடிந்தது? இப்போது ஏன் அந்தப் பயணம் பேச்சில்கூட இல்லை?

பதில்: இஸ்தான்புல்லில் தொடங்கி தெஹ்ரான், ஹெராத், காபூல், கைபர் கணவாய், லாகூர், டெல்லி வழியாக காத்மாண்டு வரை நீண்ட அந்தப் பாதையை ஹிப்பி டிரெயில் என்று அழைத்தார்கள். ரயில், உள்ளூர்ப் பேருந்து, பலர் சேர்ந்து வாங்கிய பழைய வேன் என்று கிடைத்ததில் ஏறி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் பயணம் செய்தார்கள். இஸ்தான்புல்லில் நீல மசூதிக்கு அருகே, பயணிகள் புட்டிங் ஷாப் என்று பெயரிட்டு அழைத்த ஓர் உணவகம் இருந்தது. அதன் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையில், கிழக்கே போகும் வண்டியில் இடம் இருப்பதாகவும், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்றும், முன்னே சென்ற நண்பனுக்குச் செய்தி என்றும் எழுதிய சீட்டுகள் குத்தப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் மறுநாள் எப்படிப் புறப்படுவது என்பதைப் பலர் தீர்மானித்தார்கள்.

1979-இல் அந்தப் பாதை முறிந்தது. ஈரானில் புரட்சி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. பாதையின் நடுப்பகுதியே கைவிட்டுப் போனபின், இரு முனைகளும் இருந்து பயனில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பயணம் மலிவாக அமைந்ததற்குப் பயணிகளின் எளிமை மட்டும் காரணமல்ல. அவர்களிடமிருந்த நாணயத்தின் மதிப்பும், எல்லையில் அதிகம் கேள்வி கேட்காத கடவுச்சீட்டும் பெரிய காரணங்கள். அதே சாலையில் எதிர்த்திசையில் போக நினைத்த ஓர் ஆசிய இளைஞனுக்கு அந்த வசதிகள் வாய்க்கவில்லை. அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுவோர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சிக்கனப் பயணம் இன்று மலிவாகிவிட்டதா, செலவு கூடிவிட்டதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் உண்மைதான். நீங்கள் எப்போது முடிவெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் நடந்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான் என்பது என் கருத்து.

1977 செப்டம்பரில் பிரிட்டன் தொழிலதிபர் ஃப்ரெடி லேக்கர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஸ்கைடிரெயின் என்ற விமான சேவையைத் தொடங்கினார். ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, பயணத்தன்று வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். திட்டமிட்டுப் பயணிப்பவர்கள் மற்ற விமானங்களுக்கு அதிகப் பணம் கொடுத்தார்கள். திட்டமில்லாமல் வந்து காத்திருக்கத் துணிந்தவர்களுக்கு மலிவான இருக்கை கிடைத்தது. அந்நிறுவனம் 1982-இல் நொடித்துப்போனது. 1995-இல் ஈஸிஜெட் என்ற பிரிட்டன் மலிவு விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியபோது கணக்கு தலைகீழாகியிருந்தது. முதலில் வாங்குபவருக்குக் குறைந்த விலை, இருக்கைகள் நிரம்ப நிரம்ப ஏறும் விலை என்பது மலிவு விமான நிறுவனங்களின் பொது நடைமுறையாயிற்று. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வான்வழிச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது, அதாவது ஒன்றியத்தின் எந்த விமான நிறுவனமும் அதற்குள் எங்கும் பறக்கலாம் என்றாயிற்று. 2001-இல் மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸ் கடனில் மூழ்கியிருந்த ஏர்ஏசியா விமான நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, அதே முறையைத் தென்கிழக்கு ஆசியாவில் பரப்பினார்.

ரயிலிலும் இதே கதைதான். 1972-இல் ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்ல உதவும் இன்டர்ரெயில் பயண அட்டை வந்தபோது, 21 வயதுக்கு உட்பட்டவர்கள் அந்த ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, காலையில் நிலையத்துக்குப் போய், எந்த ரயில் நிற்கிறதோ அதில் ஏறிவிடலாம். இன்று வயது வரம்பு இல்லை. ஆனால் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளின் அதிவேக ரயில்களில், அட்டை இருந்தாலும் தனிக் கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும்.

அக்காலத்தில் கடைசி நேரம் வரை முடிவெடுக்காமல் இருப்பதே சிக்கனத்தின் சூத்திரமாக இருந்தது. இப்போது அதற்குத்தான் விலை அதிகம். தேதியும் நேரமும் மாறாமல் மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கியவர், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், முந்தைய தலைமுறை நினைத்தே பார்த்திராத விலையில் கடல் தாண்டுகிறார். பிடித்துப்போன ஊரில் இன்னும் இரண்டு நாள் தங்க நினைத்தால், அந்த மலிவுச் சீட்டு வெறும் காகிதமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்தப் பயணத்துக்கே பெயர் தந்த முதுகுப்பைக்கும் தனிக் கட்டணம் வந்துவிட்டது. சில தடங்களில் பைக்கான கட்டணம் பயணச்சீட்டின் விலையையே மிஞ்சிவிடுகிறது. அனுபவமுள்ள பயணிகள் எழுபது லிட்டர் பையைக் கைவிட்டு, விமானத்துக்குள் எடுத்துச் செல்லக்கூடிய நாற்பது லிட்டர் பைக்கு மாறியதற்கு முதுகுவலியைவிட இதுவே காரணம்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நீண்ட தூர விமானத்தையும் அனுமதிச்சீட்டு தேவைப்படும் இடங்களையும் மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, நடுவிலுள்ள நாட்களை உள்ளூர்ப் பேருந்துக்கும் சாதாரண ரயிலுக்கும் விட்டுவிடுங்கள். அவற்றின் கட்டணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கும் நேரத்தைப் பார்த்து மாறுவதில்லை.

கேள்வி: வங்கி அட்டையும் செல்பேசியும் இல்லாமல் மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தவர்கள் பணத்துக்கும் கடிதத்துக்கும் என்ன செய்தார்கள்?

பதில்: பணத்துக்குப் பயணக் காசோலை இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அதை 1891-இலேயே அறிமுகப்படுத்தியிருந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளர் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால்தான் பணம் கைக்கு வரும். காசோலை எண்களைத் தனித்தாளில் எழுதி வேறிடத்தில் வைத்துக்கொள்வார்கள். காசோலை தொலைந்தால் அந்த எண்களைக் காட்டிப் புதியவை கேட்கலாம்.

கடிதத்துக்கு போஸ்ட் ரெஸ்டான்ட் என்ற ஏற்பாடு. வீட்டாருக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை இன்ன மாதம் இன்ன நகரத்தில் இருப்பான் என்பது மட்டுமே. பெயரை எழுதி, அந்த நகரத்தின் தலைமைத் தபால் நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பயணி போய்க் கடவுச்சீட்டை நீட்டுவார். எழுத்தர் அகரவரிசையில் பிரித்த சிறு தட்டறையிலிருந்து ஒரு கடிதக் கட்டை உருவித் தேடுவார். இல்லை என்று தலையசைப்பார். விவரம் தெரிந்த பயணி அத்துடன் திரும்பிவிடமாட்டார். குடும்பப் பெயரின் எழுத்தில் தேடியாயிற்று, இயற்பெயரின் எழுத்திலும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்பார். பல கடிதங்கள் அந்த இரண்டாவது கடிதக் கட்டில்தான் இருந்தன.

1996-இல் ஹாட்மெயில் வந்ததும், எந்த ஊரிலிருந்தும் அஞ்சலைத் திறக்கலாம் என்றாகி, பயணிகள் கூடும் தெருக்களிலெல்லாம் இணைய மையங்கள் முளைத்தன. தபால் வரிசை கலைந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செல்பேசி வந்து அந்த மையங்களையும் காலிசெய்தது. இதில் லாபம் வெளிப்படை. நட்டத்தை அதிகம் பேசுவதில்லை. அன்று மூன்று வாரம் தகவல் இல்லாவிட்டால் தபால் தாமதம் என்று வீட்டார் பொறுத்திருந்தார்கள். இன்று ஒரு மாலைப்பொழுது பதில் வராவிட்டால் பதறிப்போகிறார்கள்.

கேள்வி: விடுதிகளில் முன்புபோல் யாரும் பேசிப் பழகுவதில்லை என்று என் அண்ணன் வருந்துகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பழைய விடுதி எப்படிப்பட்டது என்பதையும் அவர் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜெர்மானிய ஆசிரியர் ரிச்சர்டு ஷிர்மான், மாணவர்களைக் கால்நடையாக ஊர் சுற்ற அழைத்துச் செல்லும்போது இரவில் தங்க இடமில்லாததைக் கண்டு உருவாக்கியதுதான் இளைஞர் விடுதி. ஆல்டெனா கோட்டையில் 1912-இல் அமைந்த விடுதி உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதியாகக் கருதப்படுகிறது. பள்ளிக்கூடத்தின் சாயல் அதில் வெகுகாலம் இருந்தது. பகலில் கதவு பூட்டியிருக்கும், இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், மது கூடாது, காலையில் அறை பெருக்குவதோ பாத்திரம் கழுவுவதோ பங்குக்கு வரும், பல இடங்களில் காரில் வந்தவர்களுக்கு இடமில்லை. மழை பெய்யும் மாலையில் போகப் போக்கிடமில்லாமல் ஒரே கூடத்தில் அடைபட்டவர்கள் பேசாமல் வேறு என்ன செய்வார்கள்?

இன்றைய தனியார் விடுதி வேறு வகை. ஒவ்வொரு அடுக்குக் கட்டிலுக்கும் திரைச்சீலை, தலைமாட்டில் ஒரு சிறு விளக்கு, மின்னேற்றும் முனை, பூட்டக்கூடிய பெட்டி. பெண்களுக்கான தனி அறைகள் பரவலாகக் கிடைப்பதும், வந்து தங்கியவர்களின் மதிப்பீடுகளை முன்பே படித்துப் பார்க்க முடிவதும், தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு உண்மையான முன்னேற்றம். அதை எந்தப் பழைய நினைவுக்காகவும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. திரைக்குள் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பது கடினம் என்பதும் மெய். அண்ணனுக்கு ஒரு யோசனை: பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் இன்றும் பேச்சு தானாகத் தொடங்குகிறது.

கேள்வி: வழிகாட்டி நூல் இனியும் வேண்டுமா?

பதில்: விலையையும் நேரத்தையும் அறிய வேண்டாம், அச்சாகும்போதே அவை பழையதாகிவிடும். டோனி, மாரீன் வீலர் தம்பதியர் 1973-இல் தொடங்கிய லோன்லி பிளானட் பதிப்பகத்தின் வழிகாட்டி நூலை ஒரு தலைமுறையே கையில் வைத்திருந்ததால், அதில் பெயர் வந்த விடுதியில் எல்லோரும் கூடினார்கள், விலையும் ஏறியது. இன்று செல்பேசித் திரையின் முதல் பரிந்துரை அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. ஒரு நாட்டின் வரலாற்றையும் நிலவியலையும் ஒரே இடத்தில் படித்துப் புரிந்துகொள்ள நூல்தான் நல்லது.

கேள்வி: காசு வாங்காமல் வீட்டில் தங்கவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சுருங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மக்களிடையே நேரடிப் பழக்கம் வளர்ந்தால் அமைதி நிலைக்கும் என்ற நம்பிக்கையில் 1949-இல் உருவான செர்வாஸ் அமைப்பு இன்றும் இயங்குகிறது. 2004-இல் வந்த கவுச்சர்ஃபிங் இதே எண்ணத்தை இணையத்தில் பெரிய அளவில் கொண்டுசென்றது. 2020-இல் அது பல நாடுகளின் உறுப்பினர்களிடம் சந்தா கேட்கத் தொடங்கியதும் பலர் விலகினார்கள். இதற்கிடையே, 2008-இல் வீட்டு அறைகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையதளம் வந்தபின், காலியாக இருக்கும் அறைக்கு ஒரு வாடகை உண்டு என்பதை வீட்டுக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி: குறைந்த செலவில் பயணிப்பவர்கள்தான் அழகான இடங்களைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமா?

பதில்: பாதி நியாயம். ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்ற தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் 5,000 பேர் வந்தார்கள். பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018-இல் அதை மூடி, 2022-இல்தான் மீண்டும் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது. ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆனால் அங்கே வந்த கூட்டத்தில் பெரும்பகுதி முதுகுப்பையுடன் வந்தவர்களல்ல, அரைநாள் சுற்றுலாப் படகுகளில் வந்தவர்கள். முதுகுப்பையர்கள் ஓரிடத்தில் நீண்ட நாள் தங்கி, சிறிய கடைகளிலும் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளிலும் செலவழிப்பவர்கள். அவர்கள் மேல் சொல்லக்கூடிய குறை, வழியைத் திறந்துவிடுவது. பின்னால் கூட்டம் வருகிறது.

இத்தகைய கட்டுப்பாடுகள் மேற்சொன்ன முன்பதிவு விவகாரத்தையும் இறுக்குகின்றன. பெருவில் இன்கா மலைப்பாதைக்கு நாளொன்றுக்கு 500 பேர்தான், அதுவும் வழிகாட்டிகளையும் சுமைதூக்குவோரையும் சேர்த்து. தனியாக நடக்கவும் அனுமதியில்லை. இயற்கைக்கு அது தேவைதான் என்றாலும், அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தபின் நாளைக்கு ஏறலாமா என்று யோசிப்பவருக்கு அந்தப் பாதை மூடியே கிடக்கிறது.

கேள்வி: எல்லாம் செல்பேசிக்குள் வந்துவிட்ட நிலையில், அது தொலைந்தால் என்ன செய்வது?

பதில்: பயணச்சீட்டு, மின்விசா, வங்கி, வரைபடம், விடுதி முகவரி எல்லாம் ஒரே கருவியில் இருப்பதால், அது போனால் அன்று காசோலைக் கட்டு தொலைந்ததைவிடக் கூடுதல் சங்கடம். கடவுச்சீட்டு, விசா இவற்றின் அச்சுப் பிரதியும், இரண்டாவது வங்கி அட்டையும், சிறிது ரொக்கமும் வேறொரு பையில் இருக்கட்டும். கடவுச்சொல்லை உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி தொலைந்த எண்ணுக்கே போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புறப்படும் முன், குறுஞ்செய்தி இல்லாமலே மின்னஞ்சலைத் திறக்க உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் இருவரின் தொலைபேசி எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.