மறு: வழக்கறிஞரான தாத்தாவின் பெயர் சென்னைச் சட்டப்பேரவைப் பட்டியலில் இல்லை

வணக்கம். குழித்துறை நீதிமன்றத்தில் வழக்காடிய தங்கள் தாத்தா 1954-இல் சட்டமன்ற உறுப்பினரானார் என்று வீட்டில் சொல்லியும், தமிழகச் சட்டப்பேரவைப் பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று வருந்தியிருந்தீர்கள். வீட்டார் சொன்னதை அதற்காகச் சந்தேகிக்க வேண்டாம். தேடிய இடம்தான் தவறு.

குழித்துறை அடங்கிய விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய, இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன என்பதால், அதற்கு முன் நம் உறுப்பினர்கள் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில்தான் அமர்ந்தார்கள். 1954 தேர்தலில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி 12 இடங்களை வென்றது. 1956 மார்ச்சில் அந்தச் சட்டமன்றம் கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆகவே தாத்தாவின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகளில் முடிந்ததற்கு அவர் காரணமல்லர். இணைப்புக்கு முன்பே அவை கலைந்துவிட்டதால் அவர் சென்னை அவைக்குச் செல்ல வழியும் இருக்கவில்லை.

தேர்தல் ஆணையத்தின் 1954 திருவிதாங்கூர்-கொச்சி அறிக்கையை முதலில் பாருங்கள். பிறகு கேரளச் சட்டமன்ற நூலகத்தில் அவைக் குறிப்புகளைக் கேளுங்கள். பெயரின் முதலெழுத்துகளை மலையாள வழக்கப்படி மாற்றி எழுதியிருக்கலாம் என்பதால், தொகுதியை வைத்துத் தேடுவதே நல்லது. வழக்கறிஞர் பதிவுக்கும் சென்னையை நாட வேண்டாம். அன்றைய உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்தில் இருந்தது. வீட்டுப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (அன்று அங்கே வழங்கிய மலையாள ஆண்டுக்கணக்கு) இருந்தால், கி.பி. ஆண்டை அறிய 825-ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள தேதியானால் 824.