பித்தப்பையை எடுத்துவிட்டால் வயிற்றுத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடுமா?

பல மாதமாக உப்புசம், ஏப்பம், சாப்பிட்டதும் வயிறு கனம், இடையிடையே வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் எடுத்துவிடலாம் என்று தேதியே கொடுத்துவிட்டார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். எடுத்தால் எல்லாம் சரியாகுமா, எடுக்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பித்தப்பை எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. வலி அடியோடு போய்விட்டது. உப்புசம் போகவில்லை. உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இவ்வளவுதான். ஆனால் இதை எங்கள் வீட்டு ஆட்களுக்கே இன்னும் புரியவைக்க முடியவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஆள் பிடிக்கவும் வரவில்லை, அதற்கு எதிராகக் கொடி பிடிக்கவும் வரவில்லை. "எனக்கு எடுத்த மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது" என்பவர்கள் நன்றாக இருங்கள், உங்களை நான் மறுக்கவில்லை. என் வயிற்றைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்றுதான் என்று ரொம்ப நாள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். முதல் தொல்லை தினசரி வருவது. எதைச் சாப்பிட்டாலும் கொஞ்ச நேரத்தில் வயிறு பலூன் மாதிரி உப்பும், ஏப்பம் வந்துகொண்டே இருக்கும், சில நாள் நெஞ்செரிச்சல். ஏப்பம் விட்டால், மலம் கழித்தால், சற்று நடந்தால் குறையும். இரண்டாவது, எப்போதாவது வருவது. பெரும்பாலும் இரவில், அதுவும் எண்ணெய்ப் பதார்த்தமாக நிறையச் சாப்பிட்ட இரவில். மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ தொடங்கி ஏறும். ஏறி ஒரு இடத்தில் நின்றுவிடும், விட்டுவிட்டு வராது. வலது தோள்பட்டைக்குப் பின்னால் குத்தும். படுத்தாலும் எழுந்தாலும் குப்புறக் கிடந்தாலும் ஒன்றுதான். அமில மாத்திரை போட்டால் ஒரு பலனும் இருக்காது. வியர்த்து, வாந்தி எடுத்து, சில மணி நேரம் கழித்துத் தானாகவே விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பேன். அதனால்தான் யாரும் நம்பவில்லை.

முதல் தடவை வந்தபோது மாரடைப்பு என்று பயந்து ஓடினோம். ஈசிஜி நார்மல். "கேஸ்தான்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இந்த "கேஸ்தான்" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை பேர் வாயில் கேட்டேன் என்று கணக்கே இல்லை. பிறகு வேறொரு டாக்டர்தான் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். பை முழுக்கச் சின்னச் சின்னக் கற்கள்.

கல் தெரிந்ததும் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை காரணம் தெரியாமல் இருந்த எல்லாவற்றையும் அந்தக் கல்லின் தலையில் கட்டிவிட்டார்கள். உப்புசமா, கல்தான். ஏப்பமா, கல்தான். களைப்பா, தலைவலியா, அதுவும் கல்தான். நானும் ஆசையோடு நம்பினேன், ஏனென்றால் ஒரே அறுவையில் எல்லாம் தீரும் என்றால் யாருக்குக் கசக்கும்?

சர்ஜன்தான் அந்த ஆசையை உடைத்தார். அதிகம் பேசாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வலி எப்போ வருது, எங்க வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னு எழுதிட்டு வாங்கம்மா. உப்புசத்தைத் தனியா எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ராத்திரி வலி பித்தப்பைதான், எடுத்தா போயிடும். உப்புசத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அது போகலன்னா என்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது." வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, என்ன இவர் இப்படிப் பேசுகிறார் என்று. எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. இத்தனை மாதத்தில் அதைத் தெளிவாகச் சொன்ன முதல் ஆள் அவர்.

பித்தப்பை என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இது புரியும். பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, கெட்டியாக்கிச் சேர்த்து வைக்கும் சின்னப் பை, 30 முதல் 50 மில்லி பிடிக்கும். கொழுப்பு குடலுக்குள் வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பையைச் சுருக்கும், பித்தநீர் குடலுக்குள் இறங்கும். அப்படிச் சுருங்கும்போது கல் வாசலில் போய் அடைத்துக்கொண்டால் அந்த வலி. கல் நகர்ந்து உள்ளே விழுந்துவிட்டால் வலி போச்சு. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி நான் இருந்தது இதனால்தான். தினமும், எதைச் சாப்பிட்டாலும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வரும் உப்புசம் இந்தக் கதையில் பொருந்தவில்லை, பாருங்கள். உப்புசமும் ஏப்பமும் கல் இல்லாதவர்களுக்கும் தாராளமாக வருகிறது. கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையும் வருவதில்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். ஆக இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதாலேயே ஒன்றுக்கு ஒன்று காரணம் ஆகிவிடாது.

சரி, அறுவை. லேப்ராஸ்கோப்பி. நாலு சின்னத் துளை. அது நடந்த விதத்தில் சொல்ல ஒன்றும் இல்லை, மயக்கத்தில் இருந்தேன். எழுந்ததும் வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. இது ஏன் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இடம் உண்டாக்கக் கார்பன்டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்களாம், அதில் மிச்சம் இருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். ஓரிரு நாளில் போய்விட்டது. உங்களுக்கும் வந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

இந்த "நாலு சின்னத் துளை" விஷயத்தில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்போது என் அலுவலகத்தில் மேலாளர், "கீஹோல்தானே, திங்கள்கிழமை வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டார். துளை வெளியேதான் சின்னது. உள்ளே ஓர் உறுப்பையே பிரித்து எடுத்திருக்கிறார்கள், இருமினால் உயிர் போகிறது, இவருக்குத் திங்கள்கிழமை. அதே அலுவலகத்தில் விளையாடும்போது கணுக்கால் பிசகிய ஒருவருக்கு எல்லோரும் கூட்டமாகப் போய்ப் பழம் கொடுத்துவிட்டு வந்தார்கள். கட்டு வெளியே தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் சாக்கு. விடுப்புக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, சம்பளத்தில்தான் பதில் வந்தது. போகட்டும்.

அறுவைக்குப் பிறகு அந்த இரவு வலி ஒரு தடவைகூட வரவில்லை. உப்புசம் அப்படியே. அது மட்டுமில்லை, புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. காலையில் சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓட வேண்டும், மலம் தண்ணீராகப் போகும். சேர்த்து வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது பெருங்குடல்வரை போய் உறுத்தி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பலருக்குச் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. இரைப்பைக் குடல் மருத்துவர் கொலெஸ்டிரமின் என்ற தூளைக் கொடுத்தார். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் மருந்து. மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்னாலோ நாலைந்து மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். எனக்கு நன்றாகவே வேலை செய்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே "பித்தப்பை எடுத்தால் இப்படித்தான், பொறுத்துக்கோ" என்று வருடக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே போகப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டால், எடுத்த பிறகு இந்தத் தொல்லை வந்தால், டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

உப்புசத்துக்கு எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, செய்து பார்த்தார்கள். புண் இல்லை, கிருமி இல்லை. உறுப்பில் கோளாறு எதுவும் தெரியாத அஜீரணம் என்றார்கள். கேட்க ஏதோ போலத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மையான, பெயருள்ள நோய்தான். இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளி, அளவைக் குறைத்து, தேவைப்பட்டபோது மருந்து எடுத்து ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வயிறு இல்லை, என் நாத்தனார். எல்லோரும் கூடும் இடத்தில் நான் தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டால் போதும், "ஏம்மா, நல்லா இருந்த உறுப்பை வெட்டிப் போட்டுட்டு வந்தியே, இப்பவும் வயிறு சரியில்லையாமே?" என்பார். நல்லா இருந்த உறுப்பாம். அதற்குள் இருந்த கற்களைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதையும் காட்டினேன். பிரயோஜனமில்லை. உப்புசம் இருக்கிறது என்பதாலேயே அறுவை தோற்றுவிட்டது என்று அவருக்குத் தீர்ப்பு. எதற்காகச் செய்தோமோ அது நடந்ததா என்றுதானே பார்க்க வேண்டும்?

நான் மட்டும் இப்படி இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. பித்தப்பைக் கல்லும் வயிற்று வலியும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கம்போலவும், இன்னொரு பிரிவுக்கு வலியின் தன்மையைக் கறாராகக் கேட்டு வடிகட்டியும் அறுவையை முடிவு செய்தார்கள். இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் அறுவை செய்துகொண்டவர்கள்தான். ஒரு வருடம் கழித்து வலியே இல்லை என்றவர்கள் முதல் பிரிவில் 60 விழுக்காடு, இரண்டாவதில் 56 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் நாலு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிச்சம். இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, அறுவையே வீண்" என்று யாராவது கிளம்பினால் அது என் கருத்து இல்லை. யாருக்கு, எந்த வலிக்கு என்பதுதான் விஷயம்.

அடுத்து, எடுக்காமல் சமாளிக்க முடியுமா என்ற பாதி. கல்லைக் கரைக்க உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. சின்னக் கொலஸ்டிரால் கற்களாக இருந்து, பித்தப்பையும் ஒழுங்காகச் சுருங்கினால்தான் பலன், அதுவும் மாதக்கணக்கில். நிறுத்தினால் பலருக்குக் கல் திரும்ப வரும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தில் வந்துவிடும் என்று யாராவது அனுப்புவார்கள், எனக்கும் வந்தது. பச்சையாக உருண்டை உருண்டையாக வருமாம். குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாகக் கட்டி வருவதுதான் அது. எடுத்து ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். விடுங்கள்.

ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, ஆறு மணி நேரம் தாண்டியும் விடாத வலி, இவற்றில் எது வந்தாலும் எடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை, உடனே மருத்துவமனை. பித்தப்பை அழற்சியோ, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாய்க்குக் கல் நழுவிக் கணையத்தைப் பாதித்ததோ, எதுவாகவும் இருக்கலாம். மேல்வயிற்று வலி முதல் தடவையாக வந்தால் நாங்கள் ஓடின மாதிரி ஈசிஜிக்கு ஓடுவதும் சரியே.

உங்கள் தேதியைப் பற்றி. "இடையிடையே வலி" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள், அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன இரவு வலி மாதிரி ஏறி நின்று, மணிக்கணக்கில் இருந்துவிட்டுப் போகிறது என்றால் தேதியைத் தள்ளிப்போட நான் சொல்லமாட்டேன். ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வருவது சகஜம். உப்புசத்தோடு சேர்ந்த கனமும் அசௌகரியமும்தான் நீங்கள் வலி என்று எழுதியது என்றால், தேதிக்கு முன்னால் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கலாமா என்று சர்ஜனிடமே கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். கூடவே "எந்தத் தொல்லை போகும், எது போகாது" என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்போது வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், நாத்தனார் இருந்தால் அவரையும்.