பழைய பனியனில் நூல், தெருக் கம்பியில் குரோஷா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாடுகளில் மரத்துக்கும் கம்பத்துக்கும் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) உறை பின்னி மாட்டியிருப்பதைப் படங்களில் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் சிலருக்குக் குரோஷா நன்றாக வரும். ஆனால் உல்லன் நூல் வாங்கிக் கட்டுப்படியாகாது. வீட்டில் கிடக்கும் பழைய துணிகளிலிருந்தே நூல் எடுக்க முடியுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக முடியும். சொல்லப்போனால், நம் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் உல்லனைவிடப் பழைய பருத்தித் துணியே பொருத்தம் என்பேன். நீங்கள் பார்த்த தெருக்கலை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மக்டா சயேக் என்ற பெண்மணி 2005இல் தம் கடைக் கதவின் கைப்பிடிக்குப் பின்னல் உறை போட்டதைத் தொடர்ந்து பரவியது. போலந்தில் பிறந்த ஓலெக் என்ற கலைஞர், நியூயார்க் வால் ஸ்ட்ரீட் அருகே நிற்கும் வெண்கலக் காளை முழுவதையும் 2010 டிசம்பரில் குரோஷாவால் போர்த்தினார். அனுமதி பெறாத வேலை என்பதால் சில மணி நேரத்திலேயே அதை அகற்றிவிட்டார்கள். கைத்திறனில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர்: பெண்கள் பின்னிச் சேர்த்த 11,000 சதுர மீட்டருக்கும் அதிகமான குரோஷாப் போர்வை, 2016 ஜனவரியில் சென்னையில்தான் கின்னஸ் சாதனை படைத்தது.

நூலுக்கு முதலில் டி-ஷர்ட், பனியன் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை பின்னலாடைத் துணி என்பதால், குறுக்குவாக்கில் பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தாமாகவே சுருண்டு உருண்டையான கயிறுபோல் ஆகிவிடும், இழை உதிராது. ரப்பர் பூச்சாகப் படம் அச்சிட்ட பகுதி மட்டும் சுருளாமல் தட்டையாகவே நிற்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அக்குளுக்குக் கீழே நேராக வெட்டி, அடி மடிப்புத் தையலையும் நீக்கினால் இருபுறமும் திறந்த பை போன்ற துண்டு கிடைக்கும். அதைத் தரையில் விரித்து, வலது ஓரத்திலிருந்து இடது பக்கம் நோக்கி 2.5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். ஆனால் இடது ஓரத்துக்கு இரண்டு விரற்கடை முன்பாகவே கத்தரியை நிறுத்திவிட வேண்டும். பிறகு வெட்டாமல் விட்ட அந்தப் பகுதியை விரித்து, ஒரு பக்கத்து வெட்டின் முனையிலிருந்து எதிர்ப்பக்கத்து அடுத்த வெட்டின் முனைக்குச் சாய்வாக வெட்டினால், முடிச்சே இல்லாத ஒரே நீள நூல் வந்துவிடும். சுற்றளவு ஒரு மீட்டரும், வெட்டியெடுத்த உயரம் 40 செ.மீ.யும் உள்ள டி-ஷர்ட்டில் பதினாறு சுற்று, அதாவது ஏறத்தாழ 16 மீட்டர் நூல் தேறும். இழுக்கும்போது இன்னும் நீளும். இந்தப் பருமனுக்கு லேஸ் பின்னும் மெல்லிய ஊசி உதவாது, 10 மி.மீ. பருமனுள்ள குரோஷா ஊசி தேவைப்படும்.

துணி திரட்ட மார்கழி கடைசியே நல்ல சமயம். போகிக்கு எரிக்கவென்று ஒதுக்கிய துணியை அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். (மெக்கானிக் கடைக்காரர்கள் கை துடைக்கக் காசு கொடுத்து வாங்கும் ‘பனியன் வேஸ்ட்’டும் இதே சரக்குதான்.)

கேள்வி: பின்னியதை எங்கே மாட்டலாம்? மழைக்குத் தாங்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மின்கம்பத்தையும் தெருவோர மின்பெட்டியையும் தொடவே வேண்டாம். ஈரத் துணியில் மின்சாரம் பாயும் என்பது ஒருபுறமிருக்க, பழுது பார்க்க வரும் ஊழியருக்கும் அது இடைஞ்சல். மரத்துக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. நனைந்த உறை பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் பூச்சியும் பூசணமும் சேரும். பள்ளிச் சுற்றுச்சுவரின் இரும்புக் கம்பி, நூலக வாசல் கைப்பிடிக் கம்பி, பூங்கா இருக்கை போன்றவை ஏற்றவை. பள்ளியானால் தலைமையாசிரியரிடமும், பூங்காவானால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பனியன் நூல் தண்ணீரை வெகுவாக உறிஞ்சும், நனைந்தால் கனத்துத் தொங்கிவிடும். ஆகவே கம்பியின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அந்தத் தையலுக்குப் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால், காசிமேட்டில் வலை பொத்தப் பயன்படுத்தும் நைலான் நூலைக் கேட்டு வாங்குங்கள். பொங்கல் கழிந்து மாட்டி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் முடிவதற்குள் கழற்றிவிடுவது நல்லது. யாரும் கழற்றாமல் சாயம் போய்த் தொங்கும் உறை வெறும் குப்பைதான். இந்தக் கலையின் மீது எனக்குள்ள ஒரே மனக்குறை அதுதான். கழற்றும்போது அந்த நைலான் தையலையும் ஒரு துண்டுகூட விடாமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லுங்கி, பருத்திப் புடவையில் இப்படி நூல் வராதா?
– வாசகி, ராயபுரம்

பதில்: வரும், ஆனால் தறியில் நெய்த துணி ஓரத்தில் பிசிறு விட்டுக்கொண்டே இருக்கும். நான்கு செ.மீ. பட்டையாகக் கிழித்து, பிசிறு உள்ளே போகும்படி மடித்துப் பின்னுங்கள். வெளியில் மாட்டுவதற்கு இது அவ்வளவாக உகந்ததல்ல. வீட்டு வாசல் மிதியடிக்கு நன்றாக உழைக்கும்.