நோட்டீஸ் காலத்தில் நோய்: விலகும்போது எது யார் தர வேண்டிய பணம்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் அலுவலகத்தில் 2021 மார்ச் 20 முதல் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. ஏப்ரல் 1ஆம் தேதி வேறு இடத்தில் சேர வேண்டும் என்பதால் பிப்ரவரி 2ஆம் தேதி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ராஜினாமா செய்தேன். 4ஆம் தேதி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டேன். 27 வரை, மொத்தம் 24 நாள் வேலைக்குப் போகவில்லை. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாரந்தோறும் சான்று வாங்கி வைத்திருக்கிறேன். "ராஜினாமா செய்தவருக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கிடைக்காது. 24 நாள் சம்பளம் 16,615 ரூபாய் பிடிப்போம். அந்த 24 நாளையும் கூடுதலாக வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கணக்கு முடிக்க 45 நாள் ஆகும். ஐந்து வருடம் நிறையாததால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதிய மறுநாளே ஒரு வரியில் பதில் அனுப்பியிருந்தேன்: கூடுதல் 24 நாளுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுங்கள். நிறையப் பேர் இதே இடத்தில் தடுமாறுவதால் இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேதிகள். பிப்ரவரி 2இல் தொடங்கும் 30 நாள் நோட்டீஸ் மார்ச் 3இல் முடிகிறது. அன்று விலகினால் உங்கள் பணிக்காலம் ஐந்து ஆண்டு நிறைய பதினாறு நாள் குறையும். நிறுவனம் கேட்கும் 24 நாளைச் சேர்த்தால் கடைசி வேலை நாள் மார்ச் 27. மார்ச் 19ஆம் தேதியே ஐந்து ஆண்டு முடிந்துவிடுகிறது. உங்களைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு பணிக்கொடையை அவர்களே உங்கள் கையில் கொடுக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் "சட்டப்படி நான் 3ஆம் தேதியே போவேன்" என்று சண்டை போட்டிருந்தால் வாதத்தில் நீங்கள் ஜெயித்திருக்கவும் கூடும். நியமன ஆணையில் "விடுப்பு நாள்கள் நோட்டீஸ் காலத்தில் சேராது" என்று எழுதியிராவிட்டால் நோட்டீஸைக் காலண்டர் நாளாக எண்ணுவதே வழக்கம். ஆனால் இந்த வாதத்தில் ஜெயிப்பது உங்களுக்கு நஷ்டம்.

நோயால் வராத நாள்கள் தொடர்ச்சியான பணியை முறிப்பதில்லை என்று பணிக்கொடைக்கான சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சம்பளம் இல்லாமல் போன நாள்கள் என்பதற்காக யாரும் அந்த 24ஐக் கழிக்க முடியாது. கணக்கு இது: 12,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 6,923, ஐந்து ஆண்டுக்கு 34,615 ரூபாய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் இது கட்டாயம். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும்.

சம்மதக் கடிதத்தில் காரணம் எதையும் விளக்காதீர்கள். "தாங்கள் கேட்டுக்கொண்டபடி எனது கடைசி வேலை நாள் மார்ச் 27 என்பதை ஏற்கிறேன்" என்பது போதும். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். விஷயம் புரிந்து மனம் மாறி "3ஆம் தேதியே போய்விடுங்கள்" என்றாலும் கவலை வேண்டாம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி இருந்தாலே அது முழு ஆண்டுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு அதைத் தாண்டியே இருக்கிறது. அந்த வழியில் போனால் மனு, விசாரணை என்று அலைச்சல் உண்டு. மார்ச் 27 வரை வேலை பார்த்துவிட்டுப் போனால் அது இல்லை.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. ராஜினாமா செய்தவருக்குப் பணம் இல்லை என்பது தவறு. உங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஈ.எஸ்.ஐ. என்ற வரிக்கு எதிரே 135 ரூபாய் இருக்கும், 18,000இல் 0.75 சதவீதம். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி வந்துவிடுகிறது. பிப்ரவரியில் நீங்கள் ராஜினாமா கடிதம் கொடுத்தீர்களா இல்லையா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. வேலையை விட்டபின் படுத்திருந்தாலும் ஜூன் 30 வரை உரிமை உண்டு.

தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம். ஆறு மாதச் சம்பளம் 1,08,000ஐ 183 நாளால் வகுத்தால் 590; அதில் 70 சதவீதம் 413 ரூபாய். முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. மீதி 22 நாளுக்கு 9,086 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். இதை நிறுவனம் தருவதில்லை, தடுக்கவும் முடியாது. நீங்கள் அந்த நாள்களில் வேலைக்கு வரவில்லை, சம்பளமும் பெறவில்லை என்று ஈ.எஸ்.ஐ. அலுவலகம் கேட்டால் உறுதிப்படுத்துவது மட்டுமே அவர்கள் வேலை. வாரந்தோறும் வாங்கிய சான்றுகளையும், உடல் தேறியதற்கான இறுதிச் சான்றையும் கோரிக்கைப் படிவத்தோடு கிளை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். மருந்தகத்திலேயே சான்று வாங்கியது நல்ல காரியம். தனியார் மருத்துவர் கொடுத்த ஒற்றைத் தாளோடு போகிறவர்களின் மனு மேசை மேசையாக நகர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நாளுக்கு நிறுவனத்தில் சம்பளமும் ஈ.எஸ்.ஐ.யில் உதவித்தொகையும் வாங்க முடியாது. ஆனால் அந்த இரண்டு காத்திருப்பு நாள் வெறுமனே போக வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. பிப்ரவரி 4, 5 தேதிகளை அதில் வரவு வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

இனி அந்த 16,615. கணக்கு எழுதுகிறவர் நீங்களே. இருந்தும் இது கண்ணில் படவில்லை என்றால், காய்ச்சலோடு பார்த்திருப்பீர்கள். 18,000ஐ 26ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 692 என்று எடுத்து, அதை 24ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 26ஆல் வகுப்பது என்றால் மாதத்தின் வேலை நாளை மட்டும் எண்ணுகிறோம் என்று பொருள். அப்படியானால் அந்த 24 நாளில் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 21 நாளுக்குத்தான் பிடிக்கலாம்: 14,538. ஞாயிறையும் சேர்த்து 24 என்றால் 30ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு 600, மொத்தம் 14,400. வகுப்பதற்கு ஒரு காலண்டர், பெருக்குவதற்கு இன்னொரு காலண்டர் என்று வைத்துக்கொண்டதில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் உங்கள் பக்கம் குறைந்திருக்கிறது. நோய் விடுப்பு இரண்டு நாள் வரவானால் பிடித்தம் இன்னும் இறங்கும். இதே நிறுவனங்கள் விடுப்புக்குப் பணம் கொடுக்கும்போது மட்டும் 30ஆல் வகுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இறுதிக் கணக்குத் தாள் வந்ததும் முதலில் வகுக்கும் எண்ணைப் பாருங்கள்.

பிப்ரவரிச் சம்பளத்தை இறுதிக் கணக்கோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும்; நீங்கள் இன்னும் அங்கே வேலை பார்ப்பவர்தான். விலகிய பிறகு வர வேண்டிய சம்பளத்துக்கு 45 நாள் என்பது நிறுவனங்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. மேலாளராக இருந்தாலும் இதுவே. பிடித்தங்களுக்கும் அதில் பட்டியல் இருக்கிறது: வராத நாள், முன்பணம், கடன், வருமான வரி, வைப்பு நிதி போன்றவை. எல்லாம் சேர்ந்தும் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. "நோட்டீஸ் குறைவு" என்ற தலைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் காட்டிப் பிடிக்கின்றன. கேள்வி கேட்க இடம் இருக்கிறது என்பதே என் கருத்து. உங்களுக்கு அந்தப் பிரச்சினை எழாது, நோட்டீஸை நீங்கள் முழுதாகப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.

மீதமுள்ள வருடாந்திர விடுப்பில் ஒரு நுணுக்கம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள், சேர்த்து வைத்தால் 24 நாள் வரை அந்த விடுப்பு இருக்கலாம். தானாக விலகுகிறவருக்கு அதற்கான பணம் எப்போது கிடைக்கும் என்றால், விடுப்பு கேட்டு, அது மறுக்கப்பட்டு, பிறகு விலகும்போது. வாயால் கேட்டது கணக்கில் வராது. ஆகவே மார்ச் 27க்குள் உங்கள் இருப்பு விடுப்பை எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் உடம்பு தேறும்வரை வீட்டில் இருக்கலாம், காமாலைக்கு ஓய்வுதான் பாதி மருந்து. மறுத்தால் அந்த மறுப்பையே பணமாக்கலாம்.

"எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை விலகும் நாளன்று நீட்டுவார்கள். விடுவிப்புக் கடிதம் வேண்டுமானால் இதில் கையெழுத்து என்பார்கள். பணம் வங்கியில் ஏறுவதற்கு முன் போடாதீர்கள். கட்டாயம் என்றால், பெற்ற தொகை எவ்வளவு, எது பாக்கி என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்; ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பள பாக்கி வராவிட்டால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். மூன்று ஆண்டுக்குள் மனு செய்யலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பாக்கியோடு, அதில் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. பணிக்கொடைக்குத் தனி மனு. பெரும்பாலான நிறுவனங்கள், விதியை எடுத்துச் சொல்லி அமைதியாக எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே வழிக்கு வந்துவிடும்.

வைப்பு நிதியில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: விலகிய தேதி மார்ச் 27 என்று பதிவாக வேண்டும். மார்ச் 3 என்று பதிந்துவிட்டால் பணிக்கொடையில் உங்களுக்கு எதிராக அதுவே சாட்சியாகிவிடும். போனஸையும் மறந்துவிடாதீர்கள். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், ஓர் ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே உண்டு. கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தருவார்கள், அதற்குள் உங்களை எல்லோரும் மறந்திருப்பார்கள். நவம்பர் மாதத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்.

புதிய இடத்தில் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்றால் அங்கே ஈ.எஸ்.ஐ. இருக்காது. அதற்காகப் பழைய அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் ஜூலையில் தொடங்கி டிசம்பர் 31 வரை இருக்கிறது. காமாலை திரும்பி வந்து, புதிய நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால், அதே எண்ணில், அதே மருந்தகத்தில் சான்று வாங்கலாம்.