சினை பிடிக்கிறது, குஞ்சைக் காணோம்: செர்ரி இறாலுக்குத் தீனியும் தண்ணீரும்

கேள்வி: ஐயா வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடும் இருக்கின்றன. மகள் ஆசைப்பட்டாள் என்று நாலு மாதத்துக்கு முன்பு கோயமுத்தூரில் 20 சிவப்புச் செர்ரி இறால் வாங்கி வந்தோம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதில் முன்பே 4 கப்பி மீன் உண்டு. காலையும் மாலையும் மீன் தீனி போடுகிறேன். ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர்த் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது 9 இறால்தான் மிச்சம். இரண்டு முறை வயிற்றுக்கடியில் முட்டை பார்த்தேன். அடுத்த வாரம் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. தீனி போதவில்லையா? சத்து மருந்து ஏதாவது ஊற்றலாமா? பெருக்கி விற்க வழி உண்டா?

பதில்: அம்மா, முதலில் அந்தச் சத்து மருந்து யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் இறால் பட்டினி கிடக்கவில்லை. தீனி கூடிப்போய், தண்ணீரும் வாரம் ஒரு முறை ஆட்டம் கண்டு, அதற்குமேல் குஞ்சைத் தின்ன நாலு மீனும் கூடவே இருக்கின்றன. முட்டை பிடித்ததே பெரிய விஷயம். ஆணும் பெண்ணும் இருக்கின்றன, பருவத்துக்கு வந்திருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். அதில் 9 இறால் என்பது ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். எல்லாவற்றையும் சேர்த்தாலும் சந்தையில் விற்கும் கூனியில் ஒரு சிட்டிகைக்கு வராது. இத்தனூண்டு உயிருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு எதற்கு?

ஒரு நாள் சாவகாசமாகத் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். இறால் சும்மாவே இருக்காது. முன்பக்கத்துக் குட்டிக் கைகள் மாறி மாறி எதையோ கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடியில், கல்லில், பாசியில், ஃபில்டர் பஞ்சின் மேல், எல்லா இடத்திலும். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. விரலால் தடவினால் ஒரு வழுவழுப்புத் தட்டும் பாருங்கள், பாசியும் நுண்ணுயிரும் கலந்த அந்தப் படலம்தான் இதற்குச் சோறு. வரப்பில் ஆடு மேய்கிற மாதிரி இது விடியவிடிய மேயும். நீங்கள் கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்து வைத்தால் மேய்ச்சல் நிலத்தை அழிக்கிறீர்கள் என்று பொருள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். மற்ற மூன்று பக்கமும் பச்சை படரட்டும்.

மேலே போடும் தீனி தொடுகறி மாதிரிதான். 9 இறாலுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, இரண்டு கடுகு அளவு. இரண்டு மணி நேரத்தில் தின்றது போக மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் எதுவுமே போட வேண்டாம். மீன் தீனி கூடாது என்பதில்லை. அதில் புரதம் தூக்கல், தின்னாமல் கிடந்தால் அழுகி அம்மோனியா ஆகும். அதனால் அதை வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்துங்கள்.

நான் நம்புவது இலையைத்தான். நாட்டு வாதுமை மரத்தில் தானாக உதிர்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, தொட்டியில் போடுங்கள். தண்ணீர் லேசாகத் தேயிலை நிறமாகும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்து இலை மேல் படலம் பிடிக்கும். அப்புறம் பார்த்தால் இறால் கூட்டம் அதை விட்டு நகராது. சதையையெல்லாம் கிள்ளித் தின்று, நரம்பை மட்டும் வலை பின்னியது போல விட்டு வைக்கும். அதைவிடச் சீக்கிரம் தீர்வது மல்பெரி இலை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் யாராவது தெரிந்தால், புழுவுக்குப் போடவென்று பறித்த இலையிலேயே நாலு கேளுங்கள். பட்டுப்புழு தின்னத் துணிந்த இலையை இறாலுக்கும் துணிந்து போடலாம். மருந்து பட்ட இலைக்கு அந்தப் புழுவும் தாங்காது, இறாலும் தாங்காது. உங்கள் வீட்டு முருங்கை இலை, வேகவைத்த பீர்க்கங்காய்த் துண்டு, சுரைக்காய்த் துண்டு, எல்லாம் சரி. வெந்த துண்டு மறுநாள் தொட்டியில் இருக்கக் கூடாது.

இதில் நானே ஒரு முறை சூடுபட்டவன். கடையில் வாங்கிய பாலக்கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்துத்தான் போட்டேன். ராத்திரி எல்லாம் சுற்றி உட்கார்ந்து தின்றன. காலையில் விளக்கைப் போட்டால் சில இறால் தொட்டிக்குள் கிறுக்குப் பிடித்த மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தன, மீதி மல்லாந்து கால் உதறிக்கொண்டு கிடந்தன. மத்தியானத்துக்குள் அறுபதுக்கு மேல் போய்விட்டது. கூடவே இருந்த மீன்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கீரையில் மிஞ்சியிருந்த பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லச் செய்தது. இறால் பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அதனால் மீன் தாங்குகிற அளவை இது தாங்காது. அதே காரணத்தால் தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றும் வாளி எது? தென்னையில் குருத்தழுகலுக்கு போர்டோ கலவை அடிக்கிற தோப்பு என்றால், மயில்துத்தம் என்ற தாமிர உப்பைக் கரைத்த வாளி வீட்டில் எங்காவது இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது இந்தப் பக்கம் வரக் கூடாது. தாமிரம் இறாலுக்கு ஆலகாலம். மாட்டுக்குக் கலக்கும் தாது உப்புக் கலவையிலும் தாமிரம் உண்டு. அதைக் கலந்த கையோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். கடையில் மீன் நோய்க்கென்று கொடுக்கும் மருந்துகளில் சிலதும் இதே வகைதான். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு குழாய் தனியாக வாங்கி, மேலே பெயின்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

இனி தண்ணீர். செத்த 11 இறாலில் பெரும்பாலானவை திங்கள், செவ்வாயில் செத்திருந்தால் காரணம் ஞாயிற்றுக்கிழமைதான். உங்கள் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பக்கம் காற்று வேறு சும்மா இருக்காது. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்த தொட்டியில் தண்ணீர் மளமளவென்று குறையும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. வாரம் முழுக்க இப்படி உப்பு ஏறி, ஞாயிறன்று பாதித் தண்ணீரை மாற்றும்போது உப்பும் சூடும் ஒரே மடக்கில் மாறுகின்றன. அந்த அதிர்ச்சியில் இறால் அவசரமாகச் சட்டை உரிக்கும். முட்டை ஒட்டியிருப்பது அந்தச் சட்டையோடுதான். சட்டை போனால் முட்டையும் போச்சு. உங்கள் சினை இறால் இரண்டு முறை வெறும் வயிறாகத் திரும்பியதற்கு என் முதல் சந்தேகம் இதுதான். செத்த இறாலின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்ததா? தெரிந்திருந்தால் சட்டையை முழுசாகக் கழற்ற முடியாமல் செத்தது என்று பொருள்.

ஆர்ஓ இயந்திரம் பழுது பார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். போர்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். இந்த இறாலுக்கு 150 முதல் 300 வரை நல்லது. போர் 900, ஆர்ஓ 50 என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் போர்த் தண்ணீருக்கு மூன்று லிட்டர் ஆர்ஓ கலந்தால் 260 சொச்சம் வரும். வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள், ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது உங்கள் போரில் தாராளமாக இருக்கிறது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

கலந்த தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று ஒரே நாளில் மாற்றினால் மிச்சமுள்ள ஒன்பதும் போய்விடும். வாரம் இரண்டு முறை, ஐந்தைந்து லிட்டராக மாற்றுங்கள். தொட்டி இப்போது 1000-த்தில் இருந்தால் இரண்டு மாதத்தில் 400-க்குப் பக்கம் வந்துவிடும். அப்புறம் வாரம் ஒரு முறை ஐந்து லிட்டர் போதும். புதுத் தண்ணீரை மடமடவென்று ஊற்றாமல், ஏர் பம்புக்கு மாட்டும் மெல்லிய குழாய் ஒன்றைத் தனியாக எடுத்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறங்க விடுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட மட்டும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

சூடு அடுத்த பிரச்சினை. 22 முதல் 27 டிகிரி வரை இதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் சோரும், 32-க்குப் போனால் சினை பிடிப்பதே நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் உங்கள் ஊரில் தண்ணீர் தானாகவே அந்த அளவுக்குப் போகும். தொட்டி மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் அங்கிருந்து எடுத்து வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றி, மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறியை ஓட விடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் பாட்டில் மிதக்க விடுவார்கள் சிலர், எனக்கு அது பிடிக்காது. சூட்டைவிட ஏற்ற இறக்கம் மோசம்.

இதெல்லாம் சரியானால் இனப்பெருக்கத்துக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெண் பெரியது, நிறம் அடர்த்தி, அடிவயிறு வளைந்து தொங்கும். ஆண் ஒல்லி, நிறம் மங்கல். பெண்ணின் தலைக்குப் பின்னால் முதுகில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு சேணம் மாதிரி தெரியும், அது சினைப்பையில் இருக்கும் முட்டை. அடுத்த சட்டை உரித்ததும் பெண் தண்ணீரில் ஒரு வாசனையை விடும். அன்றைக்கு ஆண்கள் எல்லாம் தலைகால் புரியாமல் தொட்டி முழுக்க நீந்தும். பார்த்துவிட்டு நோய் வந்துவிட்டதோ என்று போன் செய்பவர்கள் உண்டு. மறுநாள் முட்டைகள் வயிற்றுக்கடியில் வந்துவிடும், இருபது முப்பது இருக்கும். தாய் அடிக்கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருப்பாள். மூன்று நான்கு வாரம் ஆகும். கடைசி நாட்களில் முட்டைக்குள் கருப்பாகக் கண் புள்ளி தெரியும். முதல் ஈற்றுத் தாய் முட்டையை உதறிவிடுவதும் சகஜம். சினை இறாலைத் தனியாக டப்பாவில் பிடித்து வைக்காதீர்கள், பிடிக்கிற பயத்திலேயே உதறும்.

அமானோ என்று ஒரு இறால் கடையில் கிடைக்கும். அதன் குஞ்சு முதலில் புழுப் பருவத்தில் உப்புத் தண்ணீரில் வளர வேண்டும், வீட்டில் பெரும்பாடு. செர்ரிக்கு அந்த வம்பு இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே இரண்டு மில்லிமீட்டரில் முழு இறாலாக வரும். அதனால்தான் ஃபில்டர் முக்கியம். தண்ணீரை உறிஞ்சும் மோட்டார் ஃபில்டர் என்றால் குஞ்சு அதன் வாயில் போய்விடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் மாட்டுங்கள். ஒளியவும் மேயவும் ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி ஒரு கைப்பிடி போடுங்கள். கடையில் வாங்கும் செடியில் தட்டான் முட்டை இருந்து, அதன் புழு வளர்ந்து இறாலைப் பிடித்துத் தின்பதும் நடக்கும். செடியைத் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, அலசிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மாஸ் நுனியில் கண்ணாடி மாதிரி கமா போட்டது போல ஒட்டியிருக்கும். பருவத்துக்கு வர இரண்டரை, மூன்று மாதம்.

விற்பனையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். முதலில் நூறு ஆகட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆசைக்கு நீலமோ மஞ்சளோ வாங்கிச் சிவப்போடு விடாதீர்கள். எல்லாம் ஒரே இனம், கலந்து நாலு தலைமுறையில் சேற்று நிறத்துக்குத் திரும்பிவிடும், அதைக் கடைக்காரர் தொட மாட்டார். மங்கலாக வருவதைப் பிரித்து வேறு தொட்டியில் வையுங்கள். வேண்டாததைக் கொண்டுபோய் வாய்க்காலிலோ சிற்றூர்ப் புழையிலோ விட்டுவிடக் கூடாது. கிழக்காசியாவிலிருந்து வந்த இந்த இறால் ஜெர்மனியில் மின் நிலையத்து வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் யாரோ விட்டதிலிருந்து குடியேறிப் பெருகிவிட்டது. நம் மலையோடைகளுக்கென்றே சொந்த இறால் இனங்கள் இருக்கின்றன.

கப்பி நாலையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பெரிய இறாலை அவை ஒன்றும் செய்யாது, குஞ்சு ஒன்றைக்கூட விட்டு வைக்காது. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் கொசுப்புழுவைத் தின்று பிழைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டியைக் கழுவும்போது மட்டும் மறக்காமல் முதலில் மீனைப் பிடித்து வெளியே வையுங்கள்.